கிருமிகளும் இரவல் வாங்கும்

புண்ணுக்குத் துணி கட்டுகிற வேலையில் இருப்பவளுக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. முழங்காலும் கணுக்காலும்தான் நிற்கும். பஜாரில் யாராவது "சௌக்கியமா ஆயா?" என்று கேட்டால் நான் முதலில் அவர் காலைப் பார்ப்பேன். அப்புறம்தான் ஆள் யாரென்று பிடிபடும்.

இதை எழுத உட்காரவே எனக்குப் பயம். நான் ஐந்தாவது வரை படித்தவள். கிருமி என்றும் மருந்து என்றும் எழுதப் போகிறேன். ஒன்றை நான் தப்பாகச் சொல்லி, அதை நம்பி யாராவது எதையாவது செய்துகொண்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்காவது தடவை கிழிக்கப் போனபோது எங்கள் வீட்டுக்காரர், "தப்பா இருந்தா தெரிஞ்சவங்க திருத்திக்குவாங்க, நீ எழுது" என்றார். ஆகவே தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள், தயவுசெய்து, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டோரம், பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. பேர் வேண்டாம். மைன்ஸில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர்களும் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்களும் வருவார்கள். டாக்டரம்மா ஒருவர். ரத்தம், சளி, சீழ் எல்லாம் சோதித்துப் பார்க்கிற சாமுவேல் சார் ஒருவர். கடலூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் சிரிப்பார். புண் கட்ட நான். என் பேர் அஞ்சலை. ஆனால் அந்தப் பேரை எங்கள் வீட்டுக்காரரையும் சாமுவேல் சாரையும் தவிர யாரும் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அறுபது வயசுக்காரர் வந்து காலை நீட்டி "மெதுவா அவுத்துவுடு ஆயா" என்றால் எப்படி இருக்கும் என்று, இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து நாள் கோஸ்

கம்மாபுரத்திலிருந்து ஒருவர் பிடரியில் பெரிய கட்டியோடு வந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல், யார் கூப்பிட்டாலும் ஆளோடு சேர்ந்து திரும்பினார். டாக்டரம்மா கீறிவிட்டார்கள், நான் கட்டுப் போட்டேன். ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். "வலி போயிடுச்சுன்னு விட்டுடக் கூடாது. கோர்ஸ் முழுசா முடிக்கணும்" என்று இரண்டு தடவை அழுத்தமாகச் சொன்னார்கள். அவரும் இரண்டு தடவை தலையாட்ட முடியாமல் உடம்பை ஆட்டினார்.

ஆறாம் நாள் திரும்பி வந்தார். கட்டி முன்னைவிடப் பெரிசாக இருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டேன். மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். இரண்டு நாள் மாத்திரைதான் குறைந்திருந்தது. "வலி போயிடுச்சுங்க, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன். ஆனா டாக்டரம்மா சொன்னத விடல" என்றார். எதை விடவில்லை என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் நெய்வேலி பஜாரில் முட்டைக்கோஸ் மூட்டை மூட்டையாக வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. கிராமத்து ஜனங்களுக்கு அது டவுன்ஷிப்காரர்கள் சாப்பிடுகிற சத்துள்ள காய். விஷயம் விளங்கியதும் டாக்டரம்மா சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து 'கோர்ஸ்' என்ற வார்த்தையே அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. "ஏழு நாளும் மாத்திரை" என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கோ டாக்டரம்மா மேல்தான் வருத்தம். "அஞ்சு நாளா மூணு வேளையும் கோஸு. நாத்தம் தாங்காம பொண்டாட்டி அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா ஆயா, இந்தச் சீழு மட்டும் போவமாட்டேங்குது!"

ஆளுக்கு ஒண்ணு

நாங்கள் குடியிருந்தது மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு லைன் வீட்டில். பத்து வீடு, ஒரே குழாய். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்கும் என்ன குழம்பென்று தெரியும். மதுரைக்காரி, திருச்சிக்காரி, நாங்கள் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தோம். காபித்தூள், கறிவேப்பிலை, உரல் உலக்கை எல்லாம் வீடு வீடாகப் போய் வரும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் என்னைவிடச் சின்னவள், கொடுப்பதில் பெரிய கை.

அவள் புருஷனுக்குச் சீதபேதி வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வாங்கினாள். பாதி கருப்பு, பாதி சிவப்பு, பார்க்க அழகாக இருக்கும். மூன்று நாளில் அவனுக்குச் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் லைன் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நிற்கிறது. எப்போதும் அந்த மாத்திரை கொடுத்தால் இரண்டாம் நாள் நின்றுவிடும். இந்தத் தடவை நிற்கவில்லை. டாக்டரம்மா துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, மிச்சம் இருந்த மாத்திரையைப் பாக்கியம் வயிறு லேசாக முணுமுணுத்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்திருக்கிறாள் என்று. எனக்கும் ஒன்று வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் அதை அவசரத்துக்கு ஆகுமென்று அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தேன். டாக்டரம்மா திட்டினார்கள். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு வூட்டுக்குக் குடுத்து ஒரு வூட்டுக்குக் குடுக்காம இருந்தா பொல்லாப்பு வராதாங்கம்மா? அதான் ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்."

சாமுவேல் சார் காட்டிய தட்டு

லைன் ஜனங்களின் மலத்தை எல்லாம் சாமுவேல் சார் வாங்கி வைத்துச் சோதித்தார். டப்பாக்களைக் கழுவிப் போட நான் போனபோது, வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றைக் காட்டினார். வஞ்சிர மீன் வறுவலில் மாவு படிந்த மாதிரி மேலே ஒரு படலம். அதுதான் கிருமியாம், லட்சோப லட்சம். அதன்மேல் ஆறேழு காகிதப் பொட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்துச் சுத்தமான வட்டம் தெரியும். இந்தத் தட்டில் இரண்டு பொட்டுக்குத்தான் வட்டம் இருந்தது. மற்றப் பொட்டுகள் மேலேயே கிருமி ஏறி உட்கார்ந்திருந்தது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால், சாகிற கிருமி சாகும், தாக்குப் பிடிக்கிற கிருமி மிஞ்சும். மிஞ்சியது பெருகும். இதை டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார்கள். புதிசு என்னவென்றால், கிருமிக்குள் ஒரு சின்னச் சீட்டு மாதிரி இருக்கிறதாம், இன்ன மருந்து வந்தால் இப்படிச் சமாளி என்று. அந்தச் சீட்டை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுக்குமாம். கொடுத்தால் தன்னிடம் குறையாது, நகல் எடுத்துத்தான் கொடுக்கும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு மருந்துக்கான சீட்டைக்கூடக் கொடுத்துவிடும். நம் வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கிற சாதுவான கிருமி கொடுக்க, சீதபேதிக் கிருமி வாங்கிக்கொள்ளும். அவர் இதைச் சொன்னது அறுபத்தெட்டில்; ஜப்பானில் கண்டுபிடித்துச் சில வருஷந்தான் ஆகிறதாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

"அதுங்க ஒண்ணுக்கொண்ணு சொந்தமா சார்?" என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். சாமுவேல் சார் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமலே சிரித்தார். "சொந்தமும் வேணாம், ஜாதியும் வேணாம் அஞ்சலை. ஒட்டி உட்கார்ந்தா போதும், இரவல் குடுத்துடும். நம்ம ஜனங்களைவிட எவ்வளவோ மேல்."

எங்கள் வீட்டுக்காரர் கால்

இனிமேல் எழுதப் போவது சிரிப்பு இல்லை, ஆனால் எங்கள் வீட்டுக்காரர் இடையில் வருவதால் சிரிப்பு வந்துவிடும். அவர் மைன்ஸில் ஏழு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். பெல்ட் ஓடுகிற இடத்தில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற வேலை. அந்த வருஷம் பர்மனெண்ட் லிஸ்டில் அவர் பேர் வந்தது. மெடிக்கல் பார்த்து, தேறினால் பர்மனெண்ட். பர்மனெண்ட் என்றால் குவார்ட்டர்ஸ், தனிக் குழாய். கால் கையில் கோளாறு இருந்தால் லிஸ்டிலிருந்து பேர் போய்விடும், மறுபடி எப்போது வருமோ யாருக்கும் தெரியாது.

பேர் வந்த வாரமே தகரம் ஒன்று அவர் கெண்டைக்காலில் கீறிவிட்டது. சின்னக் கீறல். ஊரார் காலையெல்லாம் கட்டுகிறவள் புருஷன் காலை வேறு ஒருத்தி தொட விடுவேனா? நானே தினமும் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவிழ்த்து, துடைத்து, கட்டினேன். ஒரு வாரத்தில் கீறல் புண்ணாகியது. இரண்டு வாரத்தில் புண் குழியாகியது. பென்சிலின் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. பெரிய கேப்ஸ்யூல் கொடுத்தார்கள், ஏழு நாளும் நானே எண்ணி வாயில் போட்டேன், கேட்கவில்லை. நெறிகட்டி, தொடை வரை வலித்தது. மெடிக்கலுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. எனக்கு மெடிக்கல்கூட மறந்துபோய், காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு வேளை கட்டியதை நான்கு வேளை கட்டினேன். அவர் காலை நீட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி சொன்னார்: "ஊரான் புண்ணெல்லாம் உன் கையில ஆறுது. என் புண்ணுக்கு மட்டும் நீ பொண்டாட்டின்னு தெரிஞ்சிபோச்சு, அதான் பேச்சு கேக்கமாட்டேங்குது."

வளையலுக்கு அடியில்

சாமுவேல் சார்தான் அவரை அழைத்து வரச் சொன்னார். புண்ணில் பஞ்சு தொட்டு எடுத்துக்கொண்டார். அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து மூக்கில், கையில், நகக்கண்ணில் தொட்டு எடுத்தார். டாக்டரம்மாவையும் விடவில்லை. என் முறை வந்தபோது என் மணிக்கட்டைப் பார்த்தார். கைக்கு ஆறு, பச்சைக் கண்ணாடி வளையல். அதை ஓரமாகத் தள்ளி, அடியில் இருந்த ஈரத்தைத் தொட்டு எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து இரண்டு தட்டை என் முன்னால் வைத்தார். ஒன்று எங்கள் வீட்டுக்காரர் கால், ஒன்று என் வளையல். இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டிலும் அதே ஐந்து பொட்டுக்கு வட்டம் இல்லை, அதே ஒரே ஒரு பொட்டுக்கு மட்டும் வட்டம். "நாள் முழுக்க எத்தனை பேர் புண்ணைத் தொடறே. எல்லார் கிருமியும் உன் வளையலுக்கு அடியில வந்து ஒட்டி உட்காருது. எது எதுக்கு இரவல் குடுத்துச்சோ, எங்க வச்சுக் குடுத்துச்சோ, அதை நான் பார்க்கல. ஆனா வீட்டுக்குக் கொண்டுபோனது நீதான்" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வட்டம் தெரிந்த அந்த ஒரு மருந்தைப் பாண்டிச்சேரியிலிருந்து வரவழைக்க டாக்டரம்மா ஏற்பாடு செய்தார்கள். மருந்து வரும். ஆனால் வளையல்? எனக்குக் கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். வளையல் மாற்றும்போதுகூடப் பழசில் ஒன்றைக் கையில் விட்டுவைத்து, புதுசைப் போட்ட பிறகுதான் அந்த ஒன்றைக் கழற்றுவோம். ஒரு நொடிகூடக் கை மொட்டையாக இருக்கக் கூடாது. அதுவும் புருஷன் காலில் சீழ் பிடித்துப் படுத்திருக்கும்போதா கழற்றுவது? வளையலோடு சேர்த்துக் கையை லோஷனில் ஊற வைத்தேன். வளையல் மேல் துணி சுற்றிக் கட்டிக்கொண்டேன். சாமுவேல் சார் மறுபடி பஞ்சு தொட்டார். மறுபடி அதே தட்டு.

வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் நொண்டிக்கொண்டே சோப்போடு வந்தார். என் கையை இழுத்து, சோப்பு நுரையைத் தடவி, ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல் கழற்றினார். பாக்கியம் தன் வீட்டு வாசலில் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, பன்னிரண்டாவது வளையலையும் உருவிவிட்டுச் சொன்னார்: "நான் இருக்கும்போதே கழட்டிப்புடு அஞ்சல. நான் போனப்புறம் கழட்டுனா எனக்கு என்ன பிரயோஜனம்?"

எப்பம்மா ஆச்சு?

ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வளையல்களைக் கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவேன். வேலை முடிந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த தண்ணீரில் வளையலையும் அலசி, மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கண்ணாடி வளையல் தினம் இரண்டு தடவை ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று பெண்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒன்று உடையும். உடையும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கென்னும்.

நெல்லிக்குப்பத்துப் பக்கம் கரும்பு வெட்டுகிற அம்மா ஒருத்தி, சோகை இலையில் அறுத்துக்கொண்ட விரலோடு வந்திருந்தாள். முன்பு நான் கட்டுப் போட்ட ஆள்தான். விரலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் என் மணிக்கட்டுக்குப் போனது. முகம் மாறி, மற்றக் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு "ஐயோ ஆயா! எப்பம்மா ஆச்சு?" என்றாள். நான் வளையலைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "காலையில எட்டு மணிக்கு" என்றேன். அவள் ஓவென்று ஆரம்பித்துவிட்டாள். "அடிப்பாவி, காலையில ஆயிடுச்சா, இப்ப வந்து கட்டுப் போட்டுக்கினு இருக்கியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வார்டே எழுந்து வந்துவிட்டது. நான் டப்பாவைத் திறந்து காட்டி, காலையில் கழற்றுவேன், சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டுக்கொள்வேன், எல்லாம் கிருமிக்குப் பயந்து என்று விளக்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப உங்க வூட்டுக்காரரு ஷிப்ட்டு போட்டுக்கினு சாவுறாருன்னு சொல்லுங்க!"

மெடிக்கல்

பாண்டிச்சேரி மருந்து வந்த பிறகு அவர் காலை நான் தொடவில்லை. தொட மாட்டேன் என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருந்தேன். துணியைக் கொதிக்க வைத்துக் கொடுப்பேன். அவரே கழுவி, அவரே கட்டிக்கொள்வார். நான் அறைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இன்னும் கொஞ்சம் இழு, அங்க தளருது, ஐயோ அப்படி இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். முதல் நாள் அவர் கட்டிய கட்டு, வாழைப்பூ மாதிரி இருந்தது. எனக்குக் கை துறுதுறுவென்று வரும். முந்தானையில் முடிந்துகொள்வேன். பத்தாம் நாள் சீழ் நின்றது. மூன்றாம் வாரம் குழி நிறைந்து வந்தது. கருஞ்சிவப்பாக ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது.

மெடிக்கலுக்கு நானும் போனேன். பெண்களை உள்ளே விட மாட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எத்தனை தடவை கை கழுவிவிட்டு வந்தேன் என்று கணக்கே இல்லை, ஜன்னல் கம்பியைக்கூடத் தொடவில்லை. உள்ளே இருந்த டாக்டர் தழும்பை அமுக்கிப் பார்த்தார். உட்கார்ந்து எழச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் கொக்கு மாதிரி நின்றார். "நல்லா ஆறியிருக்கே, யார் கட்டினது?" என்றார் டாக்டர். "நானேதாங்க. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில புண்ணு கட்டுற வேலைதான். ஆனா ஒரு மாசமா என் காலைத் தொடலீங்க." டாக்டர் பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், வீட்ல சண்டையா?"

"இல்லீங்க, பிரியமுங்க."

பர்மனெண்ட் ஆகிவிட்டது, குவார்ட்டர்ஸும் வந்துவிட்டது, ஆனால் நான் எதையும் விடவில்லை: மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுப்பதில்லை, யாரிடமும் வாங்குவதில்லை, ஆஸ்பத்திரிப் புடவையை மாற்றாமல் வீட்டுக்குள் போவதில்லை, மாதம் ஒரு தடவை சாமுவேல் சார் முன்னால் போய் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மொத்தத்தில், என் புருஷன் நூறு வயசு இருக்க வேண்டும் என்பதற்காகவே ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் எட்டு மணி நேரம் கழுத்தில் தாலியோடு விதவையாக இருந்து வருகிறேன்.